பல்லாங்குழிக்குக் கதை வேண்டாம், பரமபதத்துக்கு வேண்டும்

வீடியோ கேமுக்குக் கதை வேண்டுமா, ஆட்டம் நன்றாக இருந்தால் போதாதா என்ற வாக்குவாதம் விளையாடுகிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் எங்கும் கிளம்பிவிடும். காரைக்குடியிலும் அப்படித்தான். கதைக்காகவே பேசப்படும் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' கேமை முடித்துவிட்டு வந்தவன், கதை இல்லாத விளையாட்டை இனிமேல் தொடவே மாட்டேன் என்பான். மொபைலில் சுட்டு ஆடும் ஃப்ரீ ஃபயரில் ஊறியவன், கதை வேண்டுமென்றால் படம் பார்க்கலாமே என்பான். இரண்டு பேரும் தங்கள் அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆளுக்கொரு விளையாட்டை மனதில் வைத்துக்கொண்டு, உலகத்தில் உள்ள எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள். எந்த விளையாட்டுக்குக் கதை வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்க்க ஓர் அளவுகோல் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த ஆட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

முதலில் பல்லாங்குழி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் மரத்திலும் பித்தளையிலும் விதவிதமாகப் பார்க்கலாம். வரிசைக்கு ஏழாக 14 குழிகள். சோழியையோ புளியங்கொட்டையையோ ஒரு குழியிலிருந்து அள்ளி, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடர வேண்டும். அந்தக் குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு. எந்தக் குழியில் ஆரம்பிப்பது என்பதில்தான் மொத்தத் திறமையும் இருக்கிறது. நன்றாக ஆடுகிற ஆச்சிகள், கை வைக்கும் முன்பே அது எங்கே போய் முடியும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிடுவார்கள். இதில் ராஜாவும் இல்லை, ராட்சசனும் இல்லை. அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

பரமபதம் இதற்கு நேர் எதிர். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க ஆடுவது. உருட்ட வேண்டும், விழுந்த எண்ணுக்கு நகர வேண்டும், ஏணி வந்தால் ஏற வேண்டும், பாம்பு வந்தால் இறங்க வேண்டும். ஆடுகிறவர் யோசித்து முடிவெடுப்பதற்கு அதில் ஓர் இடம்கூடக் கிடையாது. பெரிய அறிவாளியும் மூன்று வயதுக் குழந்தையும் உட்கார்ந்தால் இருவருக்கும் ஒரே வாய்ப்புதான். அப்படியும் விடிய விடிய ஆட முடிகிறது என்றால் காரணம், ஏணி புண்ணியம், பாம்பு பாவம், உச்சியில் இருப்பது வைகுண்டம் என்பதுதான். வாசல் வரை போனவரைப் பெரிய பாம்பு விழுங்கி அடிக்குத் தள்ளும்போது சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் ஒன்றாகக் கத்துகிறார்களே, ஓர் எண் குறைந்ததற்காகவா அப்படிக் கத்துவார்கள்?

இந்த ஆட்டம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போனது. அங்கே வைகுண்டத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் கட்டங்களைச் சும்மா விட முடியவில்லை. சிக்கனம், செய்த தவறுக்கு வருந்துதல் என்று தங்களுக்குப் பழக்கமான நல்லொழுக்கங்களை ஏணிகளில் ஏற்றினார்கள். 1943இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பையும் எடுத்துவிட்டுச் சறுக்குப்பலகை வைத்தது. அப்போதும், நல்ல காரியம் செய்கிற குழந்தை ஏணியில் ஏறுவதாகவும் குறும்பு செய்கிற குழந்தை சறுக்கி விழுவதாகவும் படம் போட வேண்டியிருந்தது. நாடு மாறியது, மதம் மாறியது, பாம்பே போய்விட்டது, கதை மட்டும் ஏதோ ஒரு வடிவத்தில் கூடவே வந்தது. அது இல்லாவிட்டால் அந்தப் பலகையில் ஒன்றுமே இல்லை.

ஆக, ஆடுகிறவர் கையில் முடிவு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு கதை வேண்டும். என் கட்சி இதுதான். வீடியோ கேமுக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கும் டெட்ரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது. அவர் பயன்படுத்திய எலக்ட்ரானிகா 60 கணினியில் படம் வரையக்கூட வழியில்லை. அடைப்புக்குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். ஏழே வடிவங்கள். ஆனால் விழுகிற ஒவ்வொரு கட்டைக்கும் எங்கே, எந்தத் திசையில் என்று ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், அதுவும் சில நொடிகளுக்குள். கதைக்கு அங்கே இடமே இல்லை. மறுபக்கம் 2016இல் வந்த ஃபயர்வாட்ச். அமெரிக்காவின் வயோமிங் காட்டில் தீக்காவல் கோபுரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவன், பார்த்தே இராத மேலதிகாரிப் பெண்ணோடு வாக்கிடாக்கியில் பேசுகிறான். நடப்பது, பார்ப்பது, பதில் சொல்வது என்பதற்கு மேல் கைக்குப் பெரிதாக வேலை இல்லை. அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நடைப்பயிற்சிதான்.

கல்வியாளர்களும் இதே சண்டையைப் போட்டிருக்கிறார்கள். ஜேனட் மரே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1997இல், டெட்ரிஸில்கூட ஒரு கதை இருக்கிறது என்று எழுதினார்: ஓயாமல் வேலை வந்து விழுந்துகொண்டே இருக்கும் அமெரிக்க வாழ்க்கையைத்தான் அது நடித்துக் காட்டுகிறதாம். பின்லாந்து ஆய்வாளர் மர்க்கு எஸ்கெலினனுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் உன்மேல் ஒரு பந்தை எறிந்தால், நீ அதைக் கீழே நழுவ விட்டு, அது எப்போது கதை சொல்ல ஆரம்பிக்கும் என்று காத்திருக்க மாட்டாய் என்ற பொருளில் 2001இல் பதில் எழுதினார். டெட்ரிஸ் விஷயத்தில் நான் எஸ்கெலினன் பக்கம். ஆனால் பந்து கதை சொல்லாவிட்டாலும், பந்தைப் பிடித்தவன் சொல்வான். இதை அவர் கவனிக்காமல் விட்டுவிட்டார்.

பொங்கலை ஒட்டி சிராவயலில் நடக்கும் மஞ்சுவிரட்டைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மாடு அவிழ்க்கப்படுகிறது, ஓடுகிறது, பிடிக்கப் பார்க்கிறார்கள், பிடிபடுகிறது அல்லது தப்பிக்கிறது. எல்லாம் சில நொடிகள். யாரும் எழுதி வைத்த கதை இல்லை. ஆனால் அந்த மாடு யாருடையது, போன வருடம் யாரைத் தூக்கி எறிந்தது, இந்த வருடம் பிடிமாடு ஆனது எப்படி என்ற பேச்சு அடுத்த பொங்கல் வரை டீக்கடைகளில் ஓடும். தாயமும் அந்த வகைதான். தாயம் விழாமல் காய் இறங்காமல் காத்திருந்தது, பழம் ஏற இரண்டு கட்டம் இருக்கும்போது வெட்டுப்பட்டது, வெட்டியவர் சொந்த நாத்தனார் என்பது. இவற்றை ஒரு கதாசிரியர் எழுதிக் கொடுத்திருந்தால் யாரும் நம்பக்கூட மாட்டார்கள். ஃப்ரீ ஃபயரும் பப்ஜியும் பையன்களை இப்படித்தான் பிடித்து வைத்திருக்கின்றன. பப்ஜியில் 100 பேர் வானத்திலிருந்து குதிக்கிறார்கள், வட்டம் சுருங்குகிறது, கடைசியாக நிற்பவர் ஜெயிக்கிறார். எழுதிய கதை அவ்வளவுதான். மறுநாள் வகுப்பில் சொல்லப்படுகிற கதைகளோ நூறு. வாய்ப்பும் திறமையும் எதிரில் ஒரு மனிதரும் கலந்த ஆட்டத்துக்குக் கதையை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை.

கதை எவ்வளவு இருக்கலாம் என்பதை, காசு எப்படி வசூலாகிறது என்பதும் தீர்மானித்திருக்கிறது. இதை விமர்சகர்கள் போதுமான அளவு பேசுவதில்லை. 1980களின் தொடக்கத்தில் கேம் என்றால் பெரும்பாலும் காசு போட்டு ஆடும் இயந்திரம். அது கதை சொல்லிக்கொண்டு நின்றால் அடுத்த காசு விழாது. 1981இல் நின்டெண்டோவுக்காக ஷிகெரு மியாமோட்டோ செய்த டாங்கி காங், அந்த நெருக்கடிக்குள் ஒரு வழி கண்டுபிடித்தது. முதலில் பொப்பாய் கார்ட்டூன் பாத்திரங்களை வைத்துச் செய்வதாக இருந்தது. உரிமை கிடைக்கவில்லை. அதனால் ஒரு குரங்கு, ஒரு தச்சர், ஒரு பெண். குரங்கு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுகிறது, சில நொடிகளில் காட்சி முடிந்தது. மேலே ஏற வேண்டும், உருண்டு வருவதைத் தாண்ட வேண்டும் என்று எந்த அறிவிப்பும் இல்லாமல் புரிந்துவிடுகிறது. பிறகு வீடுகளில் கன்சோல் என்ற கேம் கருவி பரவியது. ஒரே தடவை பணம் கொடுத்து வாங்கியவருக்கு நாற்பது, ஐம்பது மணி நேரம் விளையாட ஏதாவது வேண்டும். நீண்ட கதைகள் அதற்குப் பிறகுதான் வசதியாக உட்கார்ந்தன.

நம் பக்கத்தில் ரொம்ப நாளைக்குக் கேம் என்றால் பிரவுசிங் சென்டர். மணிக்கு இவ்வளவு என்று காசு. ஜிடிஏ வைஸ் சிட்டியில் ஒரு வசனக் காட்சி ஓடினால் நம் பணம்தான் கரைகிறது. போதாததற்கு எல்லாம் ஆங்கிலம், அதுவும் சந்து பொந்து ஆங்கிலம். அதனால் காட்சி வந்த உடனே பட்டனைத் தட்டித் தாண்டிவிடுவோம். சீட் கோடு என்ற குறுக்குவழிச் சொல்லை அடித்துப் பீரங்கி வண்டியை வரவழைத்து ஊரைச் சுற்றுவோம். கதாநாயகன் டாமி வெர்செட்டி யார், எதற்காக அந்த ஊருக்கு வந்தான் என்று தெரியாமலே அந்த விளையாட்டை மனப்பாடமாக ஆடிய பையன்கள் எத்தனையோ பேர். எங்களுக்குக் கதை பிடிக்காது என்பதற்கு இது சாட்சி ஆகாது. கதையை எங்கள் பாஷையில் யாரும் கொடுக்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கக் காசும் இல்லை. ஆட்டம் மட்டும் பாஷை தெரியாமலே பேசியது. 'இந்தியப் பசங்களுக்கு ஆக்‌ஷன் போதும், கதை வேண்டாம்' என்று யாராவது சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

கதைக்கு இங்கே என்ன குறை? சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் காரைக்குடியில்தான் இருக்கிறது. பங்குனியில் கம்பன் விழா நடக்கும்போது, முடிவு தெரிந்த கதையை மறுபடி கேட்க ஊர் கூடுகிறது. இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து கேட்கத் தெரிந்தவர்கள் நாங்கள். ஆனால் ஒரு விளையாட்டு என் கையில் கருவியைக் கொடுத்துவிட்டு, பதினைந்து நிமிடம் சும்மா உட்காரச் சொன்னால் எனக்குப் பொறுமை இல்லை. கேட்பதற்குத்தான் மேடை இருக்கிறதே.

துப்பாக்கி விளையாட்டுகளின் வரலாற்றில் இந்தப் பிரச்சினை நேரடியாகவே மோதியிருக்கிறது. 1993இல் டூம் உருவானபோது, ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தில் டாம் ஹால் விரிவான கதை ஒன்றை எழுதி வைத்தார். நிரலாளர் ஜான் கார்மாக்குக்கு விளையாட்டில் கதை முக்கியமே இல்லை. கதை ஓரங்கட்டப்பட்டது, ஹால் வெளியேறினார், டூம் உலகத்தையே ஆட்டி வைத்தது. கார்மாக் சொன்னது சரி என்று ஆகிவிட்டது போல இருந்தது. ஆனால் ஐந்தே ஆண்டில், அதே நிறுவனத்தின் குவேக் என்ற விளையாட்டின் நிரலை உரிமம் வாங்கி மாற்றி எழுதி, வால்வ் நிறுவனம் ஹாஃப் லைஃப் செய்தது. அதில் கேமரா ஒருபோதும் கதாநாயகனின் கண்ணை விட்டு வெளியே போகாது. யாராவது பேசும்போதும் நாம் நடக்கலாம், திரும்பலாம், விட்டுவிட்டுப் போகலாம். கதை வேண்டுமா வேண்டாமா என்று கட்சி கட்டியவர்களுக்கு இது மூன்றாவது வழி: விளையாட்டை நிறுத்தாமல் கதை சொல்வது.

நிறுத்திச் சொல்கிற கதைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, கதையும் கையும் சண்டை போட்டுக்கொள்வது. ஜிடிஏ 4இல் கதாநாயகன் நிக்கோ, கொலை செய்து செய்து அலுத்துப்போன மனிதனாக வசனம் பேசுவான். காட்சி முடிந்த மறுநிமிடம் நாம் அவனை வைத்து நடைபாதையில் காரை ஏற்றுவோம். இரண்டில் எது நிக்கோ?

இப்போது ஆடுபுலிக்கு வருகிறேன். எனக்கு எல்லாவற்றிலும் மேலான ஆட்டம் இதுதான். பழைய கோயில் மண்டபங்களின் கல்தரைகளில் இதன் கோடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடு தரப்பு ஒவ்வொன்றாக ஆட்டை வைக்கும். பதினைந்தும் இறங்கிய பிறகுதான் ஆடுகள் நகர முடியும். புலி ஆட்டைத் தாண்டி அடுத்த காலிப் புள்ளியில் குதித்தால் ஆடு போச்சு. புலிகள் எந்தப் பக்கமும் நகர முடியாதபடி அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு வெற்றி. வெள்ளைக்காய் மூன்று, கறுப்புக்காய் பதினைந்து என்று மட்டும் சொல்லி ஒரு குழந்தைக்கு இதைக் கற்றுக்கொடுத்துப் பாருங்கள். வெள்ளை ஏன் தாண்டலாம், கறுப்பு ஏன் தாண்டக் கூடாது என்று கேள்வி மேல் கேள்வி வரும். புலி, ஆடு என்றதும் எல்லாக் கேள்வியும் அடங்கிவிடும். டாங்கி காங்கின் குரங்கு செய்த வேலையை இங்கே ஒரு புலி எப்போதோ செய்துவிட்டது.

அதோடு முடியவில்லை. புலிக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் ஆடு அதன் இரை. அதே ஆட்டுக்குப் பின்னால் இன்னோர் ஆடு நின்றால், குதிக்கக் காலி இடம் இல்லாமல் புலி விழிக்கும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நான்கைந்து ஆட்டைப் பறிகொடுத்த பிறகு, கை தானாகவே அடுத்த ஆட்டை முந்தைய ஆட்டுக்குப் பின்னால் வைக்க ஆரம்பிக்கிறது. எளியவர்கள் சேர்ந்து நின்றால் வலியவனை அசைய விடாமல் செய்யலாம் என்று மேடை போட்டுச் சொல்வதையெல்லாம் விட இது ஆழமாக இறங்குகிறது. ஏனென்றால் நாம் அதைக் கேட்கவில்லை, செய்தோம். விதியே கதை சொல்கிறது.

வீடியோ கேமில் இந்தத் திறமை வந்த இடங்களை நான் தேடித் தேடி விளையாடுகிறேன். 2013இல் ஜோசெஃப் ஃபாரெஸ் இயக்கிய 'பிரதர்ஸ்' அப்படி ஒன்று. முடிவைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது, விளையாடாதவர்கள் அடுத்த பத்திக்குத் தாண்டிவிடுங்கள். அண்ணனும் தம்பியும் நோயாளித் தகப்பனுக்கு மருந்து தேடிப் போகிறார்கள். கட்டுப்பாட்டுக் கருவியின் இடப்பக்கம் அண்ணன், வலப்பக்கம் தம்பி. தாய் தண்ணீரில் மூழ்கி இறந்ததால் தம்பிக்கு நீர் என்றாலே பயம். ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் அண்ணன் முதுகைப் பிடித்துக்கொள்வான். பிறகு அண்ணன் இறந்துவிடுகிறான். நமது இடக்கைக்கு வேலை இல்லாமல் போகிறது. திரும்பும் வழியில் ஆறு. தம்பியின் பட்டனை அழுத்தினால் அவன் இறங்க மறுக்கிறான். வேறு வழி தெரியாமல் அண்ணனுடைய பட்டனை அழுத்தினால், தம்பி நீந்துகிறான். புரிகிற மொழியில் ஒரு வார்த்தை வசனம் இல்லை. அந்த விளையாட்டில் பேசப்படுவது எந்த ஊர் பாஷையும் இல்லை, அதனால் காரைக்குடிப் பையனுக்கும் லண்டன் பையனுக்கும் அது ஒரே அளவு புரியும். இதை ஒரு படத்தில் எடுக்கவே முடியாது.

'வெண்பா'வையும் சொல்ல வேண்டும். டொரோண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1980களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம். அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போன படிகளை நாம் யோசித்துப் பிடிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதே ஒரு புதிர். அது 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. நம் அடுப்படியில் அன்றாடம் நடக்கிற ஒரு காரியம் விளையாட்டின் விதியாக மாற முடியும் என்று அது காட்டிவிட்டது.

அப்படியென்றால் செட்டிநாட்டிலிருந்து என்ன விளையாட்டு வரலாம்? மாளிகை, ஆத்தங்குடித் தரை, பர்மாத் தேக்குத் தூண் என்று பின்னணியாக வரைந்துவிட்டு, அதில் பேயை ஓட விடுவது சுலபம். எனக்கு வேண்டியது அது இல்லை. வட்டித் தொழிலுக்குப் பர்மா வரை போன செட்டியார்களின் கணக்குப் புத்தகம், அந்தப் பேரேடு, வேண்டும்.

லூகாஸ் போப் என்ற ஒரே ஆள் செய்து 2013இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' விளையாட்டில் நாம் ஒரு எல்லைச் சாவடி அதிகாரி. கடவுச்சீட்டைப் பார்த்து முத்திரை குத்துவதுதான் வேலை. எத்தனை பேரைச் சரியாக முடித்தோமோ அவ்வளவு கூலி. தவறினால் அபராதம். மாலையில் வீட்டுக்குச் சாப்பாடா, குளிருக்குச் சூடா, பிள்ளைக்கு மருந்தா என்று பிரிக்க வேண்டும். கண்ணீரோடு நிற்கும் ஒருத்தியின் தாளில் ஒரு பிழை இருக்கும். முத்திரை நம் கையில்.

இதே இறுக்கம் ரங்கூனுக்குப் போய்க் கடையில் எழுத்துவேலை பழகிய பெட்டியடிப் பையனின் மேசையிலும் இருந்தது. மூன்று ஆண்டுப் பணிக்காலத்துக்கு வட்டிக்கடைக்குப் போனவன், பர்மிய விவசாயிக்கு நிலத்தின் பேரில் கடன் எழுதுகிறான். 1930 வாக்கில் உலகமே மந்தத்தில் விழுந்து நெல் விலை சரிகிறது. கடன் திரும்பவில்லை. கடைக்குத் தேவை பணம்தான், வருவதோ நிலம். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930இல் விளைநிலத்தில் 6 சதவீதம் செட்டியார்கள் கையில் இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது சுமார் 25 சதவீதம் ஆகிவிட்டது. ஊரில் அது சொத்து, பர்மாவில் அது ஆறாத கோபம். 1942இல் ஜப்பான் படை வந்தபோது பலர் கால்நடையாகவே திரும்பினார்கள். 1948இல் விடுதலையடைந்த பர்மா நில தேசியமயச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

இதை ஒரு தாத்தா உட்கார்ந்து சொல்வதாகக் காட்சி வைத்தால் பையன்கள் பட்டனைத் தட்டித் தாண்டிவிடுவார்கள், நானும்தான். பேரேட்டையே விளையாட்டாக வையுங்கள். வரவு, செலவு, நிலுவை, கோயிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்கும் மகமை. கணக்கை முடித்துக் காட்டும் ஐந்தொகை ஊருக்குப் போக வேண்டிய நாள் நெருங்குகிறது. குன்றக்குடிப் பக்கம் ஒரு கோயில் திருப்பணிக்கு மகமைப் பணம் எதிர்பார்த்துக் கடிதம் வந்திருக்கிறது. வாசலில் இரண்டு வருடமாக வட்டி கட்டாத ஒரு குடும்பம் நிற்கிறது. தவணை கொடுக்கலாம், வட்டியைத் தள்ளலாம், நிலத்தை எழுதிக்கொள்ளலாம். எதைச் செய்தாலும் அடுத்த பக்கத்தின் கூட்டல் மாறும். வரைவதற்கு ஒரு மேசை, ஒரு பெட்டி, ஒரு கணக்குப் புத்தகம், வந்து நிற்கும் சில முகங்கள் போதும். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் காரைக்குடியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எழுத்தை மட்டும் தமிழிலேயே வையுங்கள், பர்மியக் குடும்பத்தின் பக்கத்து நியாயத்தையும் சேர்த்து.